பேர் தெரியாத குரலுக்கு ஒரு சுருக்குப்பை

விருது விழா நடத்தி முடித்திருக்கும் தொலைக்காட்சியின் தேர்வுக் குழுவினருக்கு,

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, விளம்பரத்தோடு சேர்த்து ஏழெட்டு மணி நேரம், உங்கள் விழாவை ஒளிபரப்பினீர்கள். இரண்டு நாளும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்தோம். சரியாகச் சொன்னால் நான் பார்த்தேன், அம்மா கேட்டாள். அம்மாவுக்கு 2019-லிருந்து கண் தெரியாது. கண் பிரஷர் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடிக்கும்போதே நரம்பு போய்விட்டிருந்தது. ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருப்பது தெரியும், ஆள் நிற்பது தெரியாது.

சிறந்த கதாநாயகி யார் என்று அறிவித்தீர்கள். என்னவோ வெடித்தது, காகிதம் பறந்தது. அந்தப் பெண் மேடையேறி மைக்கை வாங்கி, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது என்று திக்கித் திக்கிச் சொன்னது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, யாரு இது? அவ எங்க?"

"அவதாம்மா இது."

"போ ஏட்டி. அவ குரலு எனக்குத் தெரியாதாக்கும்."

அந்தக் கதாநாயகிக்குக் குரல் கொடுத்து, இரண்டு வருஷமாக ராத்திரி தினமும் அரை மணி நேரம் அம்மாவோடு எங்கள் வீட்டுத் திண்ணையறையில் இருந்தவள் உங்கள் மேடையில் இல்லை. அவள் பெயரை அந்த ஏழெட்டு மணி நேரத்தில் ஒருவரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நடுவர்கள் சொல்லவில்லை, தொகுப்பாளர்கள் சொல்லவில்லை, கோப்பையை வாங்கிய பெண்ணும் சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நடித்த பெண் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பெங்களூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்து, தெரியாத பாஷையில் நாளெல்லாம் வசனம் சொல்லி, கிளிசரின் போட்டு அழுவது லேசான வேலையா? அந்தப் பெண்ணுக்குக் கோப்பை கொடுத்தது சரி. ஆனால் நீங்கள் கோப்பை கொடுத்தது பாதி ஆளுக்கு. மீதிப் பாதி அன்றைக்கு எங்கே இருந்தது? ஒருவேளை வடபழனிப் பக்கம் ஏதாவது ஒரு டப்பிங் அறையில், அடுத்த நாள் எபிசோடுக்கு அழுதுகொண்டிருந்திருக்கும்.

நான் தையல்காரி. கோவில்பட்டியில் வீட்டிலேயே ஒரு மெஷின், ஒரு ஓவர்லாக் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியைப் போட்டால் பத்து மணிக்குத்தான் அணைப்பது. அவ்வளவு நேரமும் என் கண் ஊசியில் இருக்கும். கொக்கி வைக்கும்போதோ பைப்பிங் பிடிக்கும்போதோ நிமிர்ந்து பார்த்தால் துணி கோணிவிடும். ஆகவே எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தும் நானும் தொடர்களைக் கேட்கிறவள்தான். எதிர்வீட்டு அக்கா தோசை சுட்டுக்கொண்டே கேட்கிறார். பக்கத்துத் தெருவில் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கும் பெண்கள் கையை நிறுத்தாமல் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் தொடர் பார்ப்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் பார்க்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

இன்னொரு விஷயம் படித்தேன், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்ததுதான். வியாழக்கிழமைதோறும் நீங்கள் காத்திருக்கிறீர்களே டிஆர்பி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற அந்தக் கணக்கை எடுக்கும் பார்க் (BARC) நிறுவனம் வீடுகளில் வைக்கும் மீட்டர் எந்தச் சேனல் ஓடுகிறது என்பதைப் படத்தை வைத்துக் கண்டுபிடிப்பதில்லையாம். ஒலிபரப்புக்குள் மனிதக் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் வைத்து அனுப்புகிறார்கள், மீட்டர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொள்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அதுவும் என்னைய மாதிரிதான்" என்றாள்.

சரி. விழா முடிந்த அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. "அவனுக என்ன குடுக்கது, நாம குடுப்போம்" என்றாள். மறுநாள் மதியம் நான் ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதினேன், அவள் சொல்லிக்கொண்டே போனாள். உங்கள் விழாவில் உங்கள் சேனல் தொடர்களுக்கு மட்டும்தான் விருது. அடுத்த சேனல்காரரும் அப்படியே செய்கிறார், அவரவர் வீட்டுக் கல்யாணத்தில் அவரவரே மொய் எழுதிக்கொள்வது போல. அம்மாவுக்கு அந்தப் பேதமெல்லாம் இல்லை. ரிமோட் என் கையில் இருந்தாலும் நம்பரைச் சொல்வது அவள்தான். கோப்பைக்கு நாங்கள் எங்கே போக? பட்டு ஜாக்கெட்டில் மிஞ்சிய துண்டுகளை வைத்து ஆளுக்கொரு சுருக்குப்பை தைத்தேன்.

முதல் பையை ஆர். சுந்தர்ராஜனுக்குக் கொடுக்கச் சொன்னாள், 'சிறகடிக்க ஆசை' தொடரில் அண்ணாமலையாக வருகிறாரே, அவருக்கு. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தை இயக்கியவர். நடிகராக அந்தக் குரல் அம்மாவுக்குப் பல வருஷப் பழக்கம். "அந்த மனுசன் கத்தவே மாட்டாரு. வீட்டுல எல்லாரும் கத்துவாங்க, அவரு ஒரு வார்த்தை சொல்லுவாரு, அதுலயே அவருக்கு வலிச்சது தெரிஞ்சிரும்." இதற்கு மேல் நடுவர் குறிப்பு நான் எழுதத் தேவையில்லை. அவர் தன் சொந்தக் குரலில் பேசுகிறவர் என்பதால் பையை யாருக்கு அனுப்புவது என்ற குழப்பமும் இல்லை.

இரண்டாவது பையில்தான் சிக்கல். ஏழு மணிக்கு ஒரு சேனலில் அடிவாங்கி அழும் மருமகள். ஒன்பது மணிக்கு வேறொரு சேனலில் அந்த மாதிரி மருமகள்களை அழவைக்கும் நாத்தனார். நடிப்பது வேறு வேறு பெண்கள். "ரெண்டும் ஒருத்திதான்" என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். நான் நம்பவில்லை. ஒரு வாரம் மெஷினை நிறுத்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். நாத்தனார் 'ழ'கரத்தை அழுத்துகிற விதம், வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மூச்சு இழுப்பு. மருமகள் அழும்போதும் அதே மூச்சு. இரண்டு மணி நேர இடைவெளியில் தானே அடிவாங்கி, தானே அடித்து, இரண்டையும் நம்பவைக்கிற ஒரு பெண். உங்கள் நடுவர்களுக்கு இது தெரியுமா? பை தயாராகிவிட்டது, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கொடுப்பதற்குப் பெயர் இல்லை.

பெயரைத் தேடாமல் இல்லை. தொடரின் ஆரம்பத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தங்கை மகனை வைத்துப் போனில் படம் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். தயாரிப்பு நிர்வாகம், உடை, ஒப்பனை, யூனிட் வண்டி கொடுத்தவர் வரை போட்டிருக்கிறது, நல்ல காரியம். டப்பிங் என்ற இடத்தில் பதிவு செய்த ஸ்டுடியோவின் பெயர் மட்டும் இருக்கிறது. கட்டடத்துக்குப் பெயர் இருக்கிறது, உள்ளே பேசியவருக்கு இல்லை.

மூன்றாவது பை ஒரு வசனகர்த்தாவுக்கு. அவர் எழுதும் தொடரில் யாராவது வீட்டுக்குள் நுழைந்தால் இன்னொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "வா செல்வி, இப்பதான் வாரியா?" அவ்வளவுதான். இது பெரிய இலக்கியமில்லை. ஆனால் கண் தெரியாதவளுக்கு யார் வந்தது என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும், நானும் ஊசியை விட்டுத் தலையைத் தூக்க வேண்டியதில்லை. அவர் எங்களை நினைத்தா எழுதுகிறார், தெரியாது. பழைய வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஊகம்.

மோசமான சத்தத்துக்கு ஒரு விருது கொடுத்தே ஆக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அது அந்த 'டங்'குக்கு. எந்தத் தொடர் என்று சொல்ல வேண்டாம், பாதித் தொடர்களில் இதே கதைதான். ஒருவர் ஏதோ சொல்லிவிடுவார், உடனே டங். அங்கே நிற்கும் ஆறு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாக, சில முகங்களை மும்மூன்று தடவை, டங், டங், டங். ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிஷம் பத்து விநாடி. ஒரு மனிதக் குரல் கிடையாது. "ஏட்டி என்ன ஆச்சு? யாரும் செத்துட்டாகளா? கரண்டு போச்சா?" ஒன்றும் ஆகவில்லை, எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொன்னேன். "அதுக்கா இம்புட்டு மேளம்?" இந்த விருதுக்குப் பை தைக்கவில்லை, அறுந்த எலாஸ்டிக் துண்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசிப் பை போன வருஷக் கணக்கில் வராதது. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவுக்கு. 2023 செப்டம்பர் 8 காலையில், அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி போனவர் திரும்பவில்லை. அதுவரை தொடருக்கு டப்பிங் என்று தனியாக ஒரு வேலை உண்டு, நடித்தவரே இன்னொரு நாள் உட்கார்ந்து தன் உதட்டுக்குத் தானே பேச வேண்டும் என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஏய்... இந்தாம்மா' என்று அவர் இழுப்பதைப் பிள்ளைகள் தெருவில் சொல்லிக்காட்டிக்கொண்டு திரிந்தன. பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல குரல், கனத்த குரல், ஆனால் அம்மாவுக்கு அது வேறு ஆள். முகத்தைப் பார்க்கிறவர்கள் நாலு நாளில் பழகிவிட்டார்கள். அம்மா கடைசிவரை "பழைய குணசேகரன்", "புது குணசேகரன்" என்று இரண்டு பேராகத்தான் வைத்திருந்தாள்.

ஆனாலும் அந்த மாற்றத்தை எல்லாரும் அறிந்தார்கள், பேசினார்கள், துக்கப்பட்டார்கள். முகம் மாறினால் உங்களிடம் ஒரு மரியாதை இருக்கிறது. "இவருக்குப் பதில் இனி இவர்" என்று ஒரு அட்டை போடுவீர்கள், பல தடவை அதை வாய்விட்டும் படிப்பீர்கள். குரல் மாறினால்?

நான் முதலில் சொன்ன கதாநாயகிக்கு இந்த வருஷம் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை, குரல் மாறியது. முந்தின நாள் வரை கொஞ்சம் கரகரப்பாக, சளி பிடித்த மாதிரி, கோபம் வந்தாலும் கீழ்ஸ்தாயியிலேயே பேசியவள், மறுநாள் கீச்சென்று பேசினாள். முகம் அதேதான், புடவைகூட அதேதான். ஆனால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "புதுசா யாரு வந்திருக்கா?" என்றாள். கதாநாயகிதான் என்றேன். ஐந்து நிமிஷம் கேட்டாள். பிறகு "அவளுக்கு என்ன ஆச்சு?" என்றாள். உடம்பு சரியில்லையா, சம்பளத் தகராறா, கல்யாணமா, செத்துப் போனாளா? எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் சேனலின் பார்வையாளர் எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. "மேடம், ஹீரோயின் மாறலையே" என்றது. "முகம் மாறல தம்பி, குரல் மாறியிருக்கு." "அது டெக்னிக்கல் மேடம்."

டெக்னிக்கல். அந்த வார்த்தையை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துப் பழைய குரல் திரும்பி வந்தது. அன்றைக்குக் கதையில் ஏதோ சாவு வீடு, எல்லாரும் ஒப்பாரி. அம்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குரலுக்கு ஆள் தெரிந்துகொண்ட காலமும் உண்டு. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது திருநெல்வேலி வானொலியில் நாடகம் கேட்டவள். நாடகம் முடிந்ததும் பங்கேற்றவர்கள் இன்னார் இன்னார் என்று ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள், கேட்டுவிட்டுத்தான் வானொலியை அணைப்பார்களாம். முகமே இல்லாத இடத்தில் குரலுக்குப் பெயர் இருந்தது. 2003-லிருந்து 2009 வரை ஓடிய 'கோலங்கள்' தொடரில் தீபா வெங்கட் உஷாவாக வந்தார். பின்னால் 'ராஜா ராணி' படம் டிவியில் ஓடியபோது, அம்மாவுக்கு அப்போது கண் நன்றாகத் தெரியும், அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், "நம்ம உஷா குரல்லா இது" என்று ஈரக்கையோடு ஓடி வந்தாள். திரையில் நயன்தாரா. அம்மா சொன்னதுதான் சரி. நயன்தாராவுக்கு அதில் பேசியவர் தீபா வெங்கட்தான். தெரிந்த பெயர் ஒன்று இருந்ததால் அது வீட்டில் ஒரு திருவிழா மாதிரி இருந்தது. தெரியாத பெயர்கள் எத்தனை போயிருக்கும்?

சினிமாவுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் விருதுகளில் பின்னணிக் குரலுக்கு ஆண், பெண் என்று இரண்டு விருது இருக்கிறது. கொடுப்பதில் தாமதம் இருக்கலாம், 2009 முதல் 2014 வரைக்குமான விருதுகளை 2022-ல்தான் கொடுத்தார்கள். ஆனாலும் இருக்கிறது. உங்கள் விழாவில் சிறந்த ஜோடி, சிறந்த மாமியார், சிறந்த மருமகள், சமூக ஊடகத்தில் சிறந்தவர், ஸ்டைலாக உடுத்துகிறவர் எல்லாருக்கும் இருந்தது. சிறந்த ஜோடிக்கு மட்டும் மூன்று ஜோடி மேடையேறியதாக ஞாபகம். ஒரு கோப்பைக்கு இடமில்லாமல் போய்விடுமா?

இனி, நாங்கள் கேட்பது. இவை உதவி இல்லை, ஆறிலிருந்து பத்து வரை உங்களுக்குக் காது கொடுத்திருக்கிற வீடுகளின் சார்பாகக் கேட்கிறேன்.

அடுத்த விழாவில் பின்னணிக் குரலுக்குப் பெண், ஆண் என்று இரண்டு விருது வையுங்கள். அதை மேடையில் கொடுங்கள், முதல் நாள் தனியாகக் கொடுத்துவிட்டு அரை நிமிஷத் துணுக்காக ஓட்ட வேண்டாம். வாங்குகிறவர் இரண்டு வசனம் பேசட்டும். எங்களுக்கு அதுதான் அவர் முகம். கதாநாயகிக்கு வேறொருவர் பேசியிருந்தால், கோப்பை வாங்க இருவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

பெயர்ப் பட்டியலில் எந்தப் பாத்திரத்துக்கு யார் பேசுகிறார் என்று போடுங்கள். எழுத்தாகப் போட்டால் அம்மாவுக்குப் பயனில்லை, ஆகவே வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை எபிசோடு முடிவிலாவது, அதை வாய்விட்டு வாசியுங்கள். முப்பது விநாடி போதும். உங்கள் 'டங்'கில் பாதிகூட இல்லை.

குரல் மாறினால், முகம் மாறும்போது செய்வதைச் செய்யுங்கள். "இன்று முதல் இந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பவர் இன்னார்." காரணம் சொல்ல வேண்டாம், அது அவர்கள் சொந்த விஷயம்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலிவழி விவரிப்பு இருக்க வேண்டும் என்கிறது. காட்சியில் நடப்பதை வசனத்துக்கு இடையில் ஒரு குரல் சொல்லிக்கொண்டு வருவது. இப்போது எங்கள் வீட்டில் அந்த வேலையை நான் செய்கிறேன், சம்பளமில்லாமல், வாயில் ஊசியை வைத்துக்கொண்டு. எல்லாத் தொடருக்கும் நாளையே செய்யுங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் மொபைல் செயலியில், ஒரு தொடருக்கு, ஒரு மாதம் செய்து பாருங்கள். அதைப் பேசுவதற்கும் உங்கள் டப்பிங் கலைஞர்களில் ஒருவரையே போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குப் பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும். ஏழு மணிக்கு அழுது ஒன்பது மணிக்கு அழவைக்கும் அந்தப் பெண்ணின் பெயரை விசாரித்து எழுதுங்கள். இரண்டு சேனலில் ஒன்று உங்களுடையது, ஒரு போனில் தெரிந்துவிடும். மஞ்சள் சுருக்குப்பையின் முன்பக்கம் அரக்கு நூலில் பெயர் போட இடம் விட்டு வைத்திருக்கிறேன். தலைப்பெழுத்தையும் சேர்த்து, எழுத்துப் பிழையில்லாமல் அனுப்புங்கள். பட்டில் ஒரு தடவை ஊசி போட்டுவிட்டால் பிரித்த தடம் போகாது.

இப்படிக்கு,
கோவில்பட்டியிலிருந்து ஒரு தையல்காரியும், அவள் அம்மாவும்